மாணவரும் அடுப்பும்

கல்லூரியில் மூன்றாண்டு பயின்று பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஒருவர் அறிந்தவை பலவாம். விண்மீன்களின் தொலைவை அவர் அறிவார். அயல்நாட்டு அரசர் போர்புரிந்த ஆண்டுகளை அறிவார். உப்பின் மூலக்கூறு எவற்றால் ஆயது என்பதையும் அறிவார். ஆயின் அவ்வுப்பை ஒருபடிக் குழம்பில் எவ்வளவு இடுவது என வினவின், அவருட் பலர் வாய்திறவார். அறிவியற் கூடத்தில் கொதிநிலையைப் பிழையின்றி அளக்கக் கற்ற கைகள், வீட்டில் அரை ஆழாக்கு அரிசியை வேகவைக்க அஞ்சுகின்றன. இக்குறை சிறிதென்று நகைத்து விடுதற்குரியதன்று என்பதும், எளிதும் மலிவும் மிதமும் ஆகிய மரக்கறி உணவு சிலவற்றை ஆக்கக் கல்லாமல் எம் மாணவர் எவரும் இக்கல்லூரி வாயிலைக் கடத்தலாகாது என்பதும் என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் என் கதையையே கூறுதல் முறையாம். இக்கல்லூரியினின்று யான் வெளியேறிய ஆண்டு 2016. தொழில் நாடிச் சென்னை சென்று, நண்பர் இருவருடன் ஓர் அறையில் தங்கினேன். காலையில் பூரி, நண்பகலில் உணவகச் சாப்பாடு, மாலையில் பஜ்ஜியும் தேநீரும், இரவிற் பரோட்டா என எம் உண்டி ஓர் ஒழுங்கு பெற்றது. மாதந்தோறும் ஏறக்குறைய 6,000 ரூபாய் உணவிற்கே கரைந்தது. மூன்றாம் ஆண்டில் புதியதோர் அலுவலிற் சேரும்பொருட்டு மருத்துவச் சோதனைக்குச் சென்றேன். அப்போது எனக்கு அகவை இருபத்து நான்கு. எடை 82 கிலோ. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்திற் சர்க்கரை 112 மில்லிகிராம் இருந்தது. 100-க்குள் இருத்தல் நலம் என்றும், 126-ஐ எட்டின் அது நீரிழிவு என்றும், யான் இரண்டிற்கும் நடுவே நிற்பதாகவும் மருத்துவர் விளக்கினார். விளக்கிய பின் மருந்துச் சீட்டை எடுத்திலர். என்னை நோக்கி, “தம்பி, உமக்குச் சமைக்கத் தெரியுமா?” என்றார். யான் தலைகுனிந்தேன். பட்டம் பெற்ற நாள் தொட்டு எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் எத்தனையோ வினாக்களுக்கு விடை இறுத்த எனக்கு, இவ்வொரு வினா பெருநாணம் விளைத்தது.

அறைக்கு மீண்டவுடன் உடல் மெலிவிக்கும் உணவு யாது என ஆராயப் புகுந்தேன். ஓட்ஸ், கினோவா, ஆலிவ் எண்ணெய், கலோரி குறைந்தது எனப் பொறித்த வண்ணப் பொட்டலங்கள் முதலியன என் கண்முன் நிரந்தன. அவற்றை வாங்குதற்கு என் ஊதியத்தில் ஒரு பகுதி வேண்டியிருந்தது. வாங்கிய பின்னும் அவற்றை ஆக்கும் வகை அறிந்திலேன். ஒரு திங்கள் இவ்வாறு பொருளிழந்து, ஈற்றில் என் அன்னையைத் தொலைபேசியில் அழைத்து, “அம்மா, கொழுப்பும் மாவும் குறைந்த சாப்பாடாக ஏதேனும் செய்யச் சொல்லித் தாருங்கள்” என்றேன். அவர் நகைத்தார். “ராசா, நீ கேட்கிற சாப்பாடு புதியது ஒன்றுமில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாட்களில் உன் ஆச்சி எங்களுக்கு ஆக்கிப் போட்டதுதான் அது. கேப்பைக் கூழ், கொள்ளு ரசம், கொல்லைக் கீரை. கையில் காசு வந்ததும் அதையெல்லாம் விட்டோம். நோய் வந்ததும் நீ அதைத் தேடுகிறாய்” என்றார்.

அச்சொல் என் உள்ளத்திற் பதிந்தது. பட்டினி நாட்களைப் போற்றுதல் என் கருத்தன்று. கூழேனும் வயிறு நிறையக் கிடையாது வருந்தியவர் அந்நாளிற் பலராவர். அவ்வறுமை மீண்டும் வரற்க. ஆயினும் வறுமையை விரட்டிய நாம், அதனுடன் ஒட்டியிருந்த நல்லுணவையும் சேர்த்து விரட்டிவிட்டோம் என்பதை மறுத்தற்கில்லை.

இஃது ஒரு தனி மனிதனின் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிபுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் நீரிழிவுற்றோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என அவ்வாய்வு மதிப்பிட்டது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளோ, நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு தகாத உணவால் விளைவது என்று கூறுகின்றன. அந்நிறுவனம் பிறந்த இடம் நம் தமிழகமே என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1918-இல் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய சிற்றாராய்ச்சிக் கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை மக்காரிசன் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டி ஒப்புநோக்கினார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் காயும் உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டு பிறவற்றைச் சிறிதே உண்டவை நலிந்தன. அவர்க்குப் பின் அக்கூடத்திற்குத் தலைவராயிருந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி 1937-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் மலையிலேயே நிகழ்ந்த ஆராய்ச்சி நம் அடுக்களைக்கு வந்து சேர நூறாண்டு போதவில்லை என்பது வருந்தத்தக்கதன்றோ?

நிற்க. மரக்கறி உணவு என்ற அளவிலேயே அது மிதவுணவு ஆகிவிடும் என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பிழை. குன்றெனக் குவித்த வெண்சோறு, நெய் மிதக்கும் பொங்கல், எண்ணெயிற் பொரிந்த வடை, அப்பளம், பாயசம் இவை யாவும் மரக்கறியே. யான் சென்னையில் உண்ட பூரியும் பஜ்ஜியும் பரோட்டாவும் மரக்கறியே. ஊனை நீக்கியதனால் மட்டும் உடல் இளைத்துவிடாது. உணவு உடலுக்கு அளிக்கும் ஆற்றலைக் கலோரி என்னும் அலகால் அளப்பர். மாவுப்பொருளும் புரதமும் கிராம் ஒன்றுக்கு 4 கலோரி தருவன. கொழுப்போ 9 கலோரி தருவது. ஆகவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி அடங்கும். வெந்த சோறு 100 கிராம் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. கையளவு சோற்றைக் கண்டு அஞ்சும் நாம், பொரியலிற் கண்ணை மூடி ஊற்றும் எண்ணெயைக் கண்டு அஞ்சுவதில்லை. ஒரு நாளைக்கு வேண்டும் ஆற்றலையும் அறிதல் வேண்டும். உடலுழைப்புக் குறைந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,100 கலோரியும், அத்தகைய பெண்டிர்க்கு 1,660 கலோரியும் போதும் என்பது மேற்சொன்ன நிறுவனத்தார் 2020-இல் வகுத்த அளவு. நாற்காலியில் அமர்ந்து படிப்பவர் ஏர் உழுவார் போல் உண்பது பொருந்தாது.

இவற்றினின்று யான் எனக்கென வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. ஒன்று, அரிசியைக் கண்ணளவால் அன்றிக் கலத்தளவால் எடுத்தல். ஒருவர்க்கு ஒருவேளைக்கு அரை ஆழாக்கு, அதாவது ஏறத்தாழ 70 கிராம் அரிசி போதும். இரண்டு, எண்ணெயைப் புட்டியினின்று நேரே சாய்க்காமல் தேக்கரண்டியால் அளந்து விடுதல். மூன்று, தட்டிற் பாதி காயும் கீரையும், மறுபாதியிற் சோறும் பருப்பும் ஆகுமாறு வகுத்தல். இம்மூன்றையும் கைக்கொண்டார்க்கு வேறு அரிய நூல் வேண்டா.

இனிச் சமையல் அறியாதார் முதற்கண் கற்றற்குரிய ஐந்து உணவுகளைக் கூறுவேன். இவற்றிற்கு வேண்டும் கருவிகள் ஓர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு கத்தி, ஒரு மத்து, அளவுக் கரண்டிகள் இவ்வளவே. அஞ்சறைப் பெட்டியிற் கடுகு, சீரகம், மிளகு, மஞ்சள்தூள், பெருங்காயம் இருப்பின் போதும். கூறும் அளவுகள் ஒருவர்க்கு உரியன.

முதலாவது, காய் சேர்த்த கோதுமை ரவை உப்புமா. வாணலியில் 60 கிராம் ரவையை எண்ணெய் இன்றி மணம் வருமளவும் வறுத்து வேறாக எடுத்துக்கொள்க. இரண்டு தேக்கரண்டி எண்ணெயிற் கடுகு வெடிக்கவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை இட்டு வதக்குக. பொடியாய் அரிந்த கேரட்டு, பீன்சு, பட்டாணி முதலியவற்றுள் கிடைப்பதை ஒரு கைப்பிடி சேர்க்க. ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு நீர் ஊற்றி உப்பிட்டு, கொதி வந்ததும் ரவையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, சிறு தீயில் மூடிவைத்து வேகவிடுக. இருபது நிமிடத்தில் முடியும். ஏறத்தாழ 330 கலோரி தரும். முதன்முறை கட்டி விழுந்தால் மனம் தளரற்க. எனக்கும் விழுந்தது, அதையும் உண்டேன்.

இரண்டாவது, பாசிப்பருப்புக் கீரைக் கடைசல். ஒரு கைப்பிடி, அதாவது 40 கிராம், பாசிப்பருப்பை மஞ்சள்தூளுடன் வேகவிடுக. முக்காற் பதம் வெந்ததும், மண்போகப் பன்முறை அலசி அரிந்த அரைக்கீரையையோ சிறுகீரையையோ ஒரு பெரும்பிடி இட்டு, சின்ன வெங்காயம் நான்கு, பூண்டு இரண்டு பல், பச்சை மிளகாய் ஒன்று சேர்த்துத் திறந்தபடியே வேகவைக்க. மூடாது வேகவைத்தாற் கீரையின் பசுமை மாறாது. இறக்கி உப்பிட்டு மத்தாற் கடைந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயிற் கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டுக. இஃது ஏறத்தாழ 220 கலோரி. பருப்பின் புரதமும் கீரையின் இரும்புச்சத்தும் ஒருங்கே கிடைக்கும். உண்ணும்போது சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி அவ்விரும்பை உடல் ஏற்க உதவும்.

மூன்றாவது, நீர் தெளித்து வேகும் பொரியல். முட்டைக்கோசு, அவரை, கொத்தவரை, சுரை, புடல் இவற்றுள் அன்று மலிவாய்க் கிடைப்பது எதுவாயினும் ஆகுக. 150 கிராம் காயைச் சிறிதாய் அரிந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயிற் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து அதில் இட்டு, எண்ணெயை மேலும் ஊற்றாமல், கையால் நீர் தெளித்துத் தெளித்து மூடிவைத்து வேகவிடுக. இறக்கும்போது ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தூவுக. எல்லாம் சேர்ந்து நூறு கலோரி அளவே ஆகும். உணவகப் பொரியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சுவையில் அன்று, எண்ணெயின் அளவிலேயே உள்ளது.

நான்காவது, கொள்ளு. ஒருமுறை வேகவைத்து இரண்டு உணவு பெறுதற்கு இதனினும் சிறந்ததை யான் அறியேன். 50 கிராம் கொள்ளைக் கல்லரித்து இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாட் குக்கரில் ஐந்தாறு விசில் வரும்வரை வேகவைக்க. வெந்த நீரை வடித்து ரசத்திற்கு வைத்துக்கொள்க. நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து சேர்த்து, பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, அரைத் தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் மூன்று பல் பூண்டும் ஒன்றிரண்டாய்த் தட்டி இட்டு, கொள்ளு நீரை ஊற்றுக. நுரை கட்டி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தாற் சுவை கெடும். வெந்த கொள்ளை ஒரு தேக்கரண்டி எண்ணெயிற் கடுகு, மிளகாய் வற்றல் தாளித்துச் சுண்டலாக்கிக்கொள்க. மாலையிற் பஜ்ஜிக் கடை நோக்கி நடக்கும் கால்களை இச்சுண்டல் நிறுத்தும்.

ஐந்தாவது, கேழ்வரகுக் கூழ். நான்கு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 40 கிராம், கேழ்வரகு மாவைத் தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவிடுக. காலையில் இரண்டு குவளை நீரைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை ஊற்றி, சிறு தீயில் அடிபிடியாமற் கிளறுக. மாவு பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதமே வெந்த பதம். ஆறியபின் மோரும் உப்பும் அரிந்த சின்ன வெங்காயமும் கலந்து பருகுக. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதனிற் சிறு பகுதியும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் இதற்குப் பெருமை கூடியிருக்கின்றது. என் ஆச்சிக்கோ அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அரை ஆழாக்கு அரிசிச் சோறு, கீரைக் கடைசல், ஒரு பொரியல், ஒரு குவளை நீர்மோர் இவை நான்கும் சேர்ந்த முழுச் சாப்பாடு ஏறத்தாழ 600 கலோரி ஆகும். வயிறு நிறையும், மாலைவரை பசி எடாது. இவ்வகையிற் சமைக்கத் தொடங்கிய பின் என் மாத உணவுச் செலவு 2,500 ரூபாய் அளவிற்கு இறங்கிற்று. மலிவாய் வாங்குதற்கும் வழி உண்டு. 1999-இல் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைகளில், விளைவித்தவரிடமே காய் வாங்கலாம். பருவத்தில் விளையும் காயே மலிந்த காய். முருங்கை மரம் நிற்கும் வீட்டாரிடம் இன்சொற் கூறின் கீரை விலையின்றியும் கிடைக்கும்.

ஈண்டு எச்சரிக்கை ஒன்று கூறாது விடுதல் தகாது. எல்லா மாணவர்க்கும் உடல் மெலிதல் நலமன்று. விடுதியில் நம்முடன் உண்போருள் எடை குன்றியோரும், இரத்தச் சோகையுற்றோரும் உளர். அவர்க்கு இவ்வுணவுகள் ஏற்றவையே. ஆயின் அளவைக் கூட்டி, நிலக்கடலையும் பாலும் வாழைப்பழமும் சேர்த்து உண்ணல் வேண்டும். மிதவுணவு என்பது பட்டினி அன்று. காலை உண்டியைத் துறந்து, இரவில் இருமடங்கு உண்பதும் மிதமன்று. மரக்கறி உண்போர் நாள்தோறும் பருப்பு, பயறு ஒன்றேனும் கொள்ளுதல் வேண்டும். வைட்டமின் பி 12 கீரையிலும் காயிலும் கிடைப்பதன்று. ஆகலின் பாலையோ மோரையோ தயிரையோ விடலாகாது. நோயுற்றோர் மருத்துவரைக் கலந்தே உணவை மாற்றுதல் வேண்டும்.

என் கருத்திற்கு மறுப்புக் கூறுவார் சிலர் உளர். “படிப்பிற்கே காலம் போதாது, சமையலுக்கு எங்ஙனம் நேரம் உண்டாகும்?” என்பது முதல் மறுப்பு. 1888 முதல் 1891 வரை இலண்டன் மாநகரிற் சட்டம் பயின்ற மாணவர் ஒருவர், செலவைச் சுருக்க எண்ணி ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்து, ஓர் அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே ஆக்கி உண்டார். அதற்குச் சென்ற காலம் இருபது நிமிடத்திற்கு மிகாது. நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் அவர் உண்டு வாழ்ந்தார். அதுவே அவர் தேர்வொன்றிற்கு முனைந்து படித்த காலமும் ஆம், தேர்விலும் வென்றார். அம்மாணவரே பின்னர்க் காந்தியடிகள் ஆயினார். இச்செய்தியை அவரே சத்திய சோதனையில் எழுதியுள்ளார். உணவகத்திற்கு நடந்து, இடம் கிடைக்கும்வரை நின்று, உண்டு மீளும் நேரத்தைக் கணக்கிட்டால், இருபது நிமிடச் சமையல் காலத்தைக் கொல்வதன்று, மிச்சப்படுத்துவதே என்பது விளங்கும்.

“சமையல் பெண்டிர் தொழில், ஆடவர்க்கு இழுக்கு” என்பது இரண்டாம் மறுப்பு. இதை வாய்விட்டு உரைப்பார் இக்காலத்துச் சிலரே. உள்ளத்திற் கொண்டார் பலர். சுவைமிக்க உணவை நம் முன்னோர் எவ்வாறு புகழ்ந்தனர்? நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் அன்றோ? அவ்விருவரும் ஆடவர், அரச குலத்தினர். திருமண வீடுகளில் ஆயிரவர்க்கு அடுப்பு மூட்டுவாரும் பெரும்பாலும் ஆடவரே. கூலி பெற்றுச் சமைத்தல் ஆண்மைக்கு இழுக்கன்று என்றால், தன் வயிற்றிற்கும் தன்னைப் பெற்றாள் வயிற்றிற்கும் சமைத்தல் எங்ஙனம் இழுக்காகும்? பெண்டிரும் இக்காலத்து வெளியூர்களில் தனித்துத் தங்கிப் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். பெண்ணாய்ப் பிறந்ததனாலேயே சமையல் வந்துவிடும் என்பதும் பொய். அவர்களும் கற்றே அறிதல் வேண்டும்.

“கற்பிப்பார் யார்?” என்பது மூன்றாவது வினா. வீட்டைப் பிரிந்து சென்ற இளையோர்க்குச் சமையலை எழுத்தாற் கற்பிக்கலாம் என்பதை மீனாட்சி அம்மாள் என்னும் பெருமாட்டி மெய்ப்பித்துள்ளார். 1951-இல் வெளியான அவருடைய “சமைத்துப் பார்” இன்றுவரை பல வீடுகளில் வழிகாட்டியாய் உள்ளது. கையளவையும் கண்ணளவையும் எழுத்தில் அடக்கி, புதியவரும் பின்பற்றத்தக்க அளவுகளாக்கியதே அந்நூலின் பெரும்பயன். ஆயினும் நூலினும் சிறந்த ஆசிரியர் நம் வீடுகளிலேயே உளர். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், ஒரு வாரம் அடுக்களையில் அன்னையர் அருகே நின்று, அவர் கையளவை அளவுக் கரண்டியால் அளந்து ஏட்டிற் குறித்துக்கொள்வாராயின், அவ்வேடு அவர்க்கு வாழ்நாள் முழுதும் உதவும்.

கல்லூரியார்க்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. விடுதிச் சமையற் கூடத்தைத் திங்களுக்கு இரு சனிக்கிழமை பிற்பகல்களில் மாணவர்க்குத் திறந்துவிடுக. முறைக்கு எண்மர் வீதம் ஆடவரும் பெண்டிரும் தத்தம் விடுதிகளில், நம் விடுதிச் சமையற்காரர்களையே ஆசிரியராகக் கொண்டு, மேற்கூறியவை போன்ற எளிய உணவுகளைச் சமைத்துப் பழகட்டும். அவர்களுக்கு ஆசிரியர்க்குரிய மதிப்பும் சிறு ஊதியமும் அளித்தல் வேண்டும். நம் பசியைப் பல்லாண்டு ஆற்றிய அவர்களை நாம் பெயர் சொல்லி அழைத்ததன்றி வணங்கி நின்றதில்லை. இதற்குப் பெரும்பொருள் வேண்டா, புதுக்கட்டடம் வேண்டா, தேர்வும் மதிப்பெண்ணும் அறவே வேண்டா. மூன்றாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஐந்து உணவு கற்று வெளியேறுவாராயின், இக்கல்லூரி அவர்க்கு ஈந்த பட்டத்தோடு ஒப்ப அதுவும் நின்று பயன்படும்.

என் கதையின் எஞ்சிய பகுதியைக் கூறி முடிக்கின்றேன். எட்டுத் திங்களில் என் எடை 74 கிலோவாயிற்று. சர்க்கரை 96-க்கு இறங்கிற்று. நாள்தோறும் நடந்ததும் இதற்குத் துணைசெய்தது என்பதை மறையேன். பொங்கல் விடுமுறையில் ஊர் சென்றபோது அன்னையை அடுக்களைக்கு வெளியே அமர்த்திவிட்டு யானே சமைத்தேன். அப்பொழுதுதான் இதுகாறும் காணாத ஒன்றைக் கண்டேன். என் அன்னையும் பல்லாண்டாக நீரிழிவால் வருந்துபவர். எமக்கெல்லாம் காயும் பருப்பும் பரிமாறிவிட்டு, எல்லாரும் உண்டபின், பானையில் எஞ்சிய சோற்றை எஞ்சிய குழம்போடு உண்பதே அவர் வழக்கம். எங்களுக்குப் பரிமாறிய கீரையில் அவர்க்கு எஞ்சியது பெரும்பாலும் இராது. மாத்திரை மட்டும் தவறாது இருந்தது. இருபத்தைந்தாண்டு அவர் கையால் உண்ட யான், அவர் என்ன உண்கிறார் என்று ஒருநாளும் கேட்டிலேன்.

அன்று கீரைக் கடைசலும் அவரைப் பொரியலும் அளந்த சோறும் இட்டு, அவரை முதலில் உண்ணச் செய்தேன். ஒரு வாய் உண்டு, “உப்புக் கொஞ்சம் குறைவு, குறைவாகவே இருக்கட்டும்” என்றார். அவர் முன்னே உண்ண, யான் பின்னே உண்டது என் நினைவறிந்து அதுவே முதன்முறை.

மாணவ நண்பர்காள்! சமைக்கக் கற்பது நம் உடலையும் கைப்பொருளையும் காப்பதோடு அமைவதன்று. நாம் கல்லாத வரையில் நமக்காக அடுப்பின்முன் நிற்பவர் ஒருவர் இருந்தே தீர்வர். அவர் உண்டாரா, என்ன உண்டார் என்பதையும் நாம் அறியோம். ஆகலின் வரும் விடுமுறையிலேயே ஒரு மத்தையும் ஒரு பிடி கீரையையும் கையில் எடுப்போமாக.